நேர்ந்துவிட்ட மீன்

கன்னிமார் மடுவில் யாரும் தூண்டில் போடுவதில்லை. அங்கே நீந்துவதெல்லாம் சாமி சொத்து. அந்தத் தைரியத்தில் வெள்ளிக் குஞ்சுகள் நம் கால்விரலையே கடிக்க வரும். அதெல்லாம் போன வருஷக் கதை. இப்போது பொரி தூவினால் பொரி மட்டும்தான் மிதக்கிறது. பாறை இடுக்குகளில் முரட்டுத் தோலோடு கறுப்பு மீன்கள் ஒட்டிக்கிடக்கின்றன. மற்ற மீன்களின் முட்டையைத் தின்று தீர்ப்பது அவைதான் என்று ஊருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மடுவுக்குள் வந்துவிட்டால் அதுவும் சாமி மீன்.

முதல் ஜோடியை விட்டவள் அத்தாயி. மாற்றலாகி மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போன நர்ஸ் ரோஸ்லின், தன் கண்ணாடித் தொட்டியில் வளர்த்ததை, “பாவம், எங்கயாவது தண்ணியில விட்டுடுங்க” என்று கொடுத்துவிட்டுப் போனாள். பிள்ளைக்காக ஏங்கிக் கிடந்தவளுக்கு மடுவை விட்டால் வேறெங்கே தோன்றும்? நேர்ந்து விட்டாள். வயிறும் திறந்தது. இப்போது ஏழாம் மாதம்.

நேர்ந்தவள் தன் கையால் ஒன்றைத் திரும்ப எடுத்தால்தான் ஊர் வலை மடுவில் இறங்கலாம். அது அங்கத்திய வழக்கம்.

“ஒன்னே ஒன்னத் தூக்கிரு புள்ள. மத்தத ஊரு பாத்துக்கும்” என்றான் அவள் கணவன் சென்றாயன்.

“நாந் தூக்கப் போயி, கன்னிமார் ஆத்தா எனக்குக் குடுத்தத அவ திருப்பிக் கேட்டா என்னங்க பண்றது?”

அவன் மிளகுக் கொடியைப் பார்க்க நழுவிவிட்டான். இப்படிப்பட்ட நேரத்தில் ஆம்பிளைகளுக்கு எங்கிருந்துதான் வேலை முளைக்குமோ.

மதியம் மலையை மஞ்சு மூடியது. மரமும் பாறையும் கரைந்து ஒன்றாகிவிட்டன. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியாமலே அத்தாயி மடுவுக்கு வந்து சேர்ந்தாள். முழங்கால் தண்ணீரில் வெகுநேரம் நின்றாள். ஒரு குஞ்சுகூட விரலைத் தொட வரவில்லை. ஆத்தாளின் பிள்ளைகளைத் தன் நேர்த்திக்கடனே தின்றுவிட்டதே என்று அழுகை முட்டியது.

இடுக்கில் கைவிட்டாள். மீன் ஓடவில்லை. அதை யார் பயமுறுத்தியிருக்கிறார்கள்? தூக்கினாள். வயிறு உப்பியிருந்தது. உள்ளே முட்டை.

அவள் பிடி தளர்ந்தது. மீன் பாதி நழுவியதும் மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

“நாங் குடுத்ததத் திருப்பி எடுத்துக்கறேன் ஆத்தா. நீ குடுத்ததத் திருப்பிக் கேக்காத.”

மீனை மடியில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். பாதி வழியில் மடிக்குள் ஏதோ புரண்டது. மீனா, பிள்ளையா? தொட்டுப் பார்க்கப் பயந்து, கையை விலக்கி வைத்துக்கொண்டே நடந்தாள்.