சிவப்புன்னா மஞ்சள்

எங்கள் துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ட்ரான்ஸ்பார்மர். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருப்பார். நான் அவரிடம் படித்தபோதும் அதே பெயர்தான், அவருக்குக் கீழே பாடம் நடத்தும் இப்போதும் அதே பெயர்தான்.

கணவரும் மகளும் வேறு ஊரில். நான் இங்கே ஒற்றை அறையில் சமைத்து, ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். ட்ரான்ஸ்பார்மர் என்னை விடுவித்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

“போடாம என்னம்மா? மின்பொறியியல் துறைக்குப் பொன்விழா வருது. வரலாறு எழுதிக் குடுத்துடு. விழாவில புது மோட்டாரை ஓட விடறோம், புத்தகத்தை வெளியிடறோம், அதே கையோட உனக்குக் கையெழுத்து” என்றார்.

கல்யாணத்தைப் பண்ணினால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. தலையாட்டினேன்.

பழைய ஆட்களைக் கேட்கக் கேட்க, எல்லாப் பேச்சும் ஆய்வுக்கூடத்து மெயின் போர்டில் போய் முட்டியது. துறை தொடங்கிய அன்று, விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதல் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. போர்டுக்குள் சிவப்பு ஒயரும் மஞ்சள் ஒயரும் இடம் மாறியிருந்ததுதான் காரணம். அங்கே திருத்தியிருக்க வேண்டும். முதல் தலைவரோ அவசரத்தில் மோட்டாரின் முனையிலேயே இரண்டு ஒயரை மாற்றிப் போட்டார். சரியாகச் சுற்றியது, எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் போர்டைத் திருத்தினால் அந்த மோட்டார் எதிராகச் சுற்றுமே! அதனால் அடுத்து வந்த இயந்திரத்திலும் மாற்றிப் போட்டார்கள், அதற்கடுத்ததிலும் அப்படியே.

“நம்ம லேப்ல சிவப்புன்னா மஞ்சள், மஞ்சள்னா சிவப்பு.” புது மாணவர்களுக்கு இங்கே முதல் பாடம் இதுதான். எனக்கு ட்ரான்ஸ்பார்மர் சொல்லிக்கொடுத்தபோது நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

எதை எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு ஒழுங்கே கிடையாது. சிலதில் மோட்டாரிலேயே, சிலதில் சுவிட்சில், சிலதில் சுவருக்குள் இருக்கும் பெட்டியில். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டேன். ஓய்வுபெற்ற முதல் தலைவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அதெல்லாம் எழுதாதேம்மா. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்.”

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியது கையெழுத்து. புத்தகம் அச்சுக்குப் போனது. மகளிடம், “பெட்டி கட்டிட்டேன்டி” என்று சொல்லியும் விட்டேன்.

புது மோட்டார் வந்தது. கம்பெனி ஆட்கள் நிறம் பார்த்து இணைத்து ஓட்டினார்கள். எதிர்ப்பக்கம் சுற்றியது.

“சார், எங்க பக்கம் எல்லாம் சரி. மோட்டாருக்கு சீல் வச்சாச்சு, பிரிக்க மாட்டோம். உங்க போர்டைச் சரி பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ட்ரான்ஸ்பார்மரின் உறுமல் நின்றுவிட்டது. போர்டைத் திருத்தினால் மற்ற எல்லாம் எதிராகச் சுற்றும். ஒவ்வொன்றையும் பிரித்து மாற்ற மாதக்கணக்காகும். மோட்டார் ஓடாவிட்டால் விழா இல்லை. விழா இல்லாவிட்டால் எனக்குக் கையெழுத்து இல்லை. எப்படியாவது இந்தக் கூடத்தை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது.

“மெயினை அணைங்க சார்” என்றேன். புது மோட்டாருக்குப் போகும் கேபிள் சுவருக்குள் ஒரு பெட்டி வழியாகப் போகிறது. அதைத் திறந்தேன். சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிப் போட்டு மூடினேன். கம்பெனி ஆட்கள் திரும்பி வந்தபோது மோட்டார் சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

விழா நடந்தது, புத்தகம் வெளிவந்தது. மறுநாள் என் விடுவிப்பு ஆணையைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“எந்தப் பெட்டில மாத்தின?”

சொல்லப் போனேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“எனக்குச் சொல்லாதே, நான் மறந்துடுவேன். எழுதியும் வைக்காதே, வெளியே தெரிஞ்சா மானம் போயிடும். இந்த லேப்ல எது எங்க மாறியிருக்குன்னு முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் இப்போ நீதான். நாளைக்கு ஒருத்தன் தெரியாம எதையாவது பிரிச்சா? உன்னை எப்படிம்மா விடறது?”

“சார், சொன்ன சொல்லு…”

“அடுத்த தலைவர் நீதான். மேலிடத்துல பேசிட்டேன்” என்றார், வரம் கொடுப்பவர் போல.

கத்தினேன். அழுதேன். மேலிடம் வரை போய் மனுக் கொடுத்தேன். மாதக் கடைசி வந்தது, போனது. அந்த ஊரில் என் இடத்தில் வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இதுதான்.

மகள் இப்போதெல்லாம், “எப்பம்மா வருவே?” என்று கேட்பதில்லை. “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறாள்.

இன்று புது மாணவர்கள் வந்தார்கள். மோட்டார்களுக்கு நடுவே வரிசையாக நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“நம்ம லேப்ல,” என்றேன், “சிவப்புன்னா மஞ்சள்.”

எல்லோரும் சிரித்தார்கள்.