றிஸ்வி நானா விருந்தாளியான கிழமை

கட்டாரில் வேலை செய்யும் றிஸ்வி நானாவை அவருடைய சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆக்கியவன் நான்தான். காத்தான்குடியில் வாவியைப் பார்த்த வீடு. விளக்கு, கேட், கமரா எல்லாவற்றையும் போனிலோ டெப்லெட்டிலோ இயக்கும்படி பொருத்திக் கொடுத்திருந்தேன். போன கிழமை அப்டேட் செய்து திரும்ப ஒப்படைக்கும்போது, உரிமையாளர் என்ற இடத்தில் அவர் மனைவி அஸீமா ராத்தாவின் பெயரையும் விருந்தாளி என்ற இடத்தில் அவர் பெயரையும் தட்டிவிட்டேன். என் கடைப் பலகையில் 'நம்பிக்கையான வேலை' என்று எழுதியிருக்கும். அதை எழுதியவனும் நான்தான்.

விருந்தாளியின் போனில் கமராக் காட்சி தெரியாது.

"என்ட ஊட்டுல நான் விருந்தாளியாடா?" என்று நானா போனில் ஏசினார். உடனே மாற்றித் தருகிறேன் என்றேன். முடியவில்லை. ஒப்படைத்த வீட்டுக்குள் பொருத்தியவன் மறுபடி நுழைய வேண்டுமென்றால், உரிமையாளர் தன் திரையில் 'சம்மதம்' என்பதைத் தட்ட வேண்டும். நியாயமான ஏற்பாடு. அதைப் பெருமையாகச் சொல்லித்தான் நான் விற்பது. என்னையே வாசலில் நிறுத்தும் என்று நினைக்கவில்லை.

மழை விடவேயில்லை. முதல் தடவை போனபோது, டெப்பில் சார்ஜ் இல்லை என்றார் ராத்தா. அடுத்த தடவை கண்ணாடியைக் காணவில்லையாம். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. நான் பார்க்காதவன்போல் அவர் தந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்தேன். நானா ஒவ்வொரு நாளும் ராத்தாவுக்குப் போனில் கோல் எடுத்து ஏசி, பிறகு எனக்கு எடுத்து ஏசினார். ஊரில் ஒருத்தரும் இனி உன்னைக் கூப்பிடாதபடி செய்வேன் என்றார். செய்யக்கூடியவர்தான்.

இன்று வாவி பெருகி மதிலடிக்கு வந்திருந்தது. டெப் மேசையில் கிடந்தது. திரையில் என் கோரிக்கை பதிலில்லாமல் நின்றது. பகிடி விட்டுப் பார்த்தேன், ராத்தா சிரிக்கவில்லை. நேராகவே கேட்டேன்.

"ராத்தா, தட்டுவீங்களா, மாட்டீங்களா?"

அவர் டெப்பைக் கவிழ்த்து வைத்தார்.

"மாட்டன் தம்பி. கமரா போட்டதில இருந்து அவர் எனக்குக் கோல் எடுக்கிறயில்ல. பார்த்துக்கிட்டே இருப்பார். 'கேட் திறந்து கிடக்கு' எண்டு மெசேஜ் மட்டும் வரும். இப்ப பார்க்க ஏலாமப் போனதால எடுக்கார். ஏசத்தான் எடுக்கார். எண்டாலும் அது அவர்ர குரல்தானே."