நாற்பத்தைந்து நாள் நாற்று

"இத்தா இருக்கிற பொம்பிள தோட்டத்துக்கு எறங்கினா ஊர் காறித் துப்பும், மதினி!"

பாறூக் வாசலை மறித்து நின்றான். அவனுடைய அண்ணன் சுஹைர் காக்கா மௌத்தாகி, அடக்கமாகி நாற்பத்து மூன்று நாள். கணவனை இழந்தவள் வீட்டை விட்டு இறங்காமல் இருக்கும் இத்தாவில், வெள்ளை உடுத்து உள்ளே இருந்த நஃபீஸா, கொழுந்தன் கையிலிருந்த வாடிய நாற்றுகளையே பார்த்தாள்.

மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு எத்தாளையில் குடியேறிய குடும்பம். ஒவ்வொரு போகமும் விளைச்சலில் பாதி, அடுத்த நடுகைக்கான விதை வெங்காயத்துக்கே போய்விடும். எவ்வளவு உழைத்தாலும் எழும்ப விடாத வறுமை அது. வெங்காயக் கிழங்கை விட்டு விதையில் நாற்று வளர்த்து நடலாம், ஒரு பைக்கற் விதையே போதும் என்று ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். பயிற்சிக்குப் போய்ப் படித்து வந்தவள் நஃபீஸா. கணவன் கண்மூட இரண்டு நாள் முன்புதான் விதை போட்டாள். நாற்று மேடை வீட்டுக் கொல்லைக் கோடிக்குள் இருந்ததால் இத்தாவிலும் தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டாள். நாற்றைப் பிடுங்கி நடும் பருவம் நாற்பத்தைந்து நாள். இத்தாவோ நாலு மாதமும் பத்து நாளும்.

சுஹைருக்கு ஓதிய நாற்பதாம் நாள் கத்தச் சோறு தின்ன வந்த சனத்தில் நாற்று நட ஒரு கை வரவில்லை. பாறூக் நல்லவன்தான், ஆனால் கிழங்கு நட்டுப் பழகிய கை. நேற்று உச்சி வெயிலில், நாற்றையும் கிழங்கைப் போல விரலால் அழுத்திக் கழுத்துவரை புதைத்துவிட்டான். ஒரு பாத்தி முழுக்கச் செத்துப்போனது.

"இது சரிவராது மதினி. மிச்சத்தப் புடுங்கி எறிஞ்சிட்டுத் தோட்டத்தக் குத்தகைக்குக் குடுப்பம்."

"குடுத்துட்டு? புள்ளைகளோட நான் ஆர்ட வாசல்ல போய் நிக்கிற?"

நஃபீஸா முக்காட்டை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். பயமில்லை, கோபம்தான் இருந்தது.

"இத்தாவுல இருந்த பொம்பிளயப் பேரீச்சம்பழம் பறிக்கப் போகச் சொன்னவங்க நம்மட நபி. ஒங்கட ஊர் அவங்களுக்கு மேலயா?"

பாறூக் வாசலை விட்டு விலகினான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வெயில் தணிந்ததும், தெருவெல்லாம் பார்க்க அவள் பாத்தியில் இறங்கினாள். பக்கத்து வீட்டு ஜெய்னம்பு வேலியோரம் வந்து தலையில் கைவைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நஃபீஸா ஒவ்வொரு நாற்றாக, வேர் மட்டும் மண்ணுக்குள் போகும்படி ஊன்றிக்கொண்டே போனாள்.

பாறூக் பின்னாலேயே வந்தான். "பள்ளிவாசலால கேட்டா நான் என்ன சொல்ற, மதினி?"

அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"பாத்திய மிதிக்காம நில்லுங்க, தம்பி. கேட்டா, மௌத்தானது ஒங்கட காக்கா, நான் இல்ல எண்டு சொல்லுங்க."