பத்து உருண்டைகள் போன வழி

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து உலு திராம் திடலுக்குப் பயிற்சிக்கு வரும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே அணித்தலைவி ஷாமளா சொல்லிவிட்டாள்.

"கஸ்தூரிக்கா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்குப் போட்டியில உங்களுக்குப் பதிலா மலரை இறக்கலாம்னு இருக்கேன்."

கஸ்தூரிக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. பதினான்கு வருடமாக ஊசிக்குழாய் செய்யும் தொழிற்சாலையில், மயிரிழை வித்தியாசத்தைக்கூட அளந்து ஒதுக்குகிற வேலை அவளுக்கு. அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் சாய உருண்டையால் சுட்டு, பட்டவரை வெளியேற்றும் இந்தப் பெயிண்ட்பால் ஆட்டத்தில், முப்பது அடி தூரத்துப் பலகையைக்கூட அவளால் அடிக்க முடியவில்லை.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடல் மூன்று நாள் மழையில் ஊறிக் கிடந்தது. அன்றைய பயிற்சியிலும் கஸ்தூரி இருபது முறை சுட்டாள். பலகையில் பட்டது நான்குதான். ஒரு உருண்டை இடப்பக்கம் வளைந்து போனது. இன்னொன்று பாதி வழியிலேயே தலைகுப்புற விழுந்தது.

தன் கைதான் காரணமா? அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக அவளுக்கு மனமில்லை. மார்க்கர் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் துப்பாக்கியோடு, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ரூபேந்திரனிடம் போனாள்.

"தம்பி, இத யாரு கையும் படாம, ஆடாம பிடிச்சு வைக்க முடியுமா?"

அவனுடைய மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கிட்டி ஒன்று இருந்தது. அதில் மார்க்கரை இறுக்கி, பலகையை நோக்கி வைத்து, விசையில் கயிறு கட்டி இழுத்தார்கள். பத்து உருண்டைகள் பத்துத் திசையில் போயின.

"அலமாக்!" என்று வாயைப் பிளந்தான் ரூபேந்திரன். வேறு மார்க்கரை மாட்டிப் பார்த்தான். அதுவும் அப்படியே. வேகம் காட்டும் கருவியை முன்னால் வைத்தான். எண்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்றுதான் ஏறி இறங்கின. "உருண்டையைத் தள்ளுற காத்து ஒழுங்காத்தான் வருது அக்கா. அதுல கோளாறு இல்ல."

கஸ்தூரி பையிலிருந்து கவ்வி அளக்கும் தன் காலிப்பரை எடுத்து ஓர் உருண்டையை அளந்தாள். நெடுக்கில் பதினேழு புள்ளி மூன்று மில்லிமீட்டர். திருப்பி அளந்தால் பதினேழு புள்ளி ஆறு. உருண்டை உருண்டையாகவே இல்லை.

"இந்த உருண்டைப் பை எப்ப திறந்தது?"

"திங்கக்கிழமை. மழையா இருந்துச்சு லா. மத்தவங்களுக்கு வேற பை, உங்களுக்குத்தான் இது."

உருண்டையின் தோல் மாத்திரை உறையைப் போன்றது. ஈரத்தைக் குடித்து, ஒருபக்கம் வீங்கியிருந்தது. பிரிக்காத பையிலிருந்து எடுத்தவை எப்படித் திருப்பினாலும் ஒரே அளவு காட்டின. ஆனாலும் சுட்டபோது அவை முழுக்க நேராகப் போகவில்லை. ரூபேந்திரன் மார்க்கரில் மாட்டும், துளை அளவு வேறுபட்ட மூன்று குழல்களைக் கொண்டுவந்தான். முதல் குழலில் போட்ட உருண்டை வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டாவதில் சிக்கிக்கொண்டது. மூன்றாவதில் அசையாமல் நின்றது. கஸ்தூரி குழலின் பின்பக்கம் வாய் வைத்து மெல்ல ஊதினாள். ஒரே மூச்சில், பொத்தென்று வெளியே வந்தது.

"இதுதான்," என்றாள்.

அந்தக் குழலைப் பூட்டிக் கயிற்றை இழுத்தார்கள். ஒன்பது உருண்டைகள், ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும் இடத்தில் விழுந்தன. பத்தாவது மட்டும் தன்னிஷ்டத்துக்கு எங்கோ போனது.

ரூபேந்திரன் கைப்பேசியில் வேகத்தைக் குறைத்து எடுத்த படத்தைக் காட்டினான். கஸ்தூரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். குழலைவிட்டு வந்த உருண்டை, வயிற்றுக்குள் சாயம் குலுங்க, தோலின் ஒட்டுத் தையல் சுழலச் சுழல, நெளிந்து குழைந்து காற்றைத் தள்ளிக்கொண்டு போனது. இவ்வளவு மெத்தென்ற பொருள், இவ்வளவு தடுமாற்றத்தோடு, சொன்ன இடத்துக்குப் போய்ச் சேருகிறதே! குறி தவறுவதில் என்ன அதிசயம்? ஒன்பது தவறாமல் போனதுதான் அதிசயம். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது, ஏனென்று தெரியவில்லை.

ஷாமளாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவளும் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு கஸ்தூரியின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இந்த வாரம் நான் உங்கள அவ்வளவு ஏசினது... நாளைக்கு நீங்களே இறங்குங்கக்கா."

"விடு. நாளைக்குப் பையைக் கடைசி நிமிசத்துல பிரிப்போம். எல்லாரும் ஊதிப் பார்த்துக் குழல எடுத்துக்குவோம்."

மறுநாள் குளுவாங்கிலிருந்து வந்த அணியை எதிர்த்து, கஸ்தூரியும் திடலில் இறங்கினாள். முதல் பத்து நிமிடத்தில் மூன்று பேரை வெளியேற்றினாள். பிறகு, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஓர் உருண்டை முகமூடியை ஒட்டி விர்ரென்று போனது. குனிய வேண்டியவள், அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க எழுந்து நின்றுவிட்டாள். அடுத்தது அவள் தோளில் மஞ்சளாக வெடித்தது.

"கஸ்தூரிக்கா, ஏன் எழுந்தீங்க?" என்று ஷாமளா கத்தினாள்.

"நேரா வந்துச்சு ஷாமளா! அப்படி ஒரு நேர்!" என்று சிரித்தபடியே கையைத் தூக்கிக்கொண்டு கஸ்தூரி வெளியே நடந்தாள்.