கடைசி ஆளுக்குப் பின்னால்

சைக்கிள் குழுவில் அவளை 'வால்' என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கும் ஏழு ஏரிச் சுற்றில், தொண்ணூறு கிலோமீட்டரும் எல்லாருக்கும் கடைசியாக வருவது அவள் வேலை. பஞ்சர் ஆனவர், கால் பிடித்துக்கொண்டவர், ஆசைப்பட்டு வந்து மாட்டிக்கொண்டவர் என்று அத்தனை பேரையும் முன்னால் விட்டுவிட்டு, மரத்திலும் கம்பத்திலும் கட்டியிருக்கும் அம்புக்குறி அட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வருவாள். அவளைத் தாண்டிவிட்டால் ஏழு ஏரிச் சுற்று என்று ஒன்று அங்கே நடந்ததற்கு அடையாளமே இருக்காது.

மற்ற நாட்களில் அவள் மருந்துக்கடைக்காரி. சீட்டை இரண்டு தரம் படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டாள். அந்தப் பெயருக்காகத்தான் இந்த வேலையை அவள் தலையில் கட்டினார்கள். வேலைக்கு விதி ஒன்றே ஒன்று. யாராவது பாதியில் நிறுத்திக்கொண்டால், அவர் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பட்டியலில் அவர் எண்ணை அடிக்க வேண்டும். அதுவரை வால் நகரக் கூடாது.

ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தாள். ஏழாவது வருஷம் நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

கணவனின் தங்கை. எண் அறுபத்து மூன்று. அண்ணனின் பழைய சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, "அண்ணி வர்றாங்கல்ல, எனக்கென்ன பயம்?" என்று கிளம்பியவள், இரண்டாவது ஏரியிலேயே எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு அண்ணியோடு ஒட்டிக்கொண்டாள். அப்புறம் நாலு மணி நேரம் வாய் ஓயவில்லை. சீட் குத்துகிறது. காற்று எதிரே அடிக்கிறது. இந்த ஏரியும் போன ஏரி மாதிரியேதானே இருக்கிறது, இதற்கு எதற்கு ஏழு? அண்ணன் இளைத்துவிட்டான், வீட்டில் ஒழுங்காகச் சமைக்கிறீர்களா? மருந்துக்கடைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே மிதித்தாள்.

ஐந்தாவது ஏரிக்கரையில் மேசை போட்டிருந்தார்கள். தண்ணீரும் வாழைப்பழமும் கொடுப்பதற்காக ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். நாத்தனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள்.

"போதும் அண்ணி. என்னால முடியாது. வேனைக் கூப்பிடுங்க."

"வேன் வர முக்கால் மணி நேரம் ஆகும்மா" என்றார் வாத்தியார். "வேற ஒருத்தரை ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. இனிமேதான் திரும்பணும்."

மணி மூன்று நாற்பது. பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஆறாவது ஏரியில் ஐந்து மணிக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மருந்துக்கடைக்காரி அதைச் சாக்காக வைத்துக்கொண்டாள். சாக்கு என்பது அவளுக்கே தெரியும். பட்டியலை எடுத்தாள், அறுபத்து மூன்றின் மேல் ஒரு கோடு இழுத்தாள். நாலு மணி நேரமாகத் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"இங்கேயே உட்காரு. வேன் வந்ததும் ஏறிக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினாள்.

அங்கிருந்து ஆறாவது ஏரி வரை கிளை இல்லாத ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் புதர்க்காடு. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. கடைசி இரண்டு கிலோமீட்டர் நல்ல இறக்கம், பிரேக்கை விட்டால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும். இறக்கத்தின் அடியில் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் பாலத்துக்குப் போகிற புதுச் சாலை. நேரே போவது பழைய சாலை. அணையை உயர்த்தியபோது ஏரி ஏறி வந்து அதை விழுங்கிவிட்டது. தார் அப்படியே தண்ணீருக்குள் இறங்கிப் போகும். வெயில் நாளிலேயே எது தார் எது தண்ணீர் என்று ஒரு கணம் தடுமாறும். மூடுபனி இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

அதனால் சுற்று நடக்கிற அன்று குழு அங்கே சிவப்பு நாடா கட்டி, இடது பக்கம் திரும்பச் சொல்லி ஆள் உயரத்துக்கு அட்டை வைக்கும். மீன்காரர்கள் படகு இறக்குகிற வழியும் அதுதான். ஐந்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. கடைசி ஆள் தாண்டியதும் எடுப்பது வாலின் வேலை.

நாலே காலுக்கு வந்து சேர்ந்தாள். நாடாவை அவிழ்த்துச் சுருட்டினாள். அட்டையைப் பிடுங்கி மடித்துக் கட்டினாள். ஏரியிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, பாலத்தைக் கடந்து, சத்தம் போட ஆள் இல்லாத சாலையில் சுகமாக மிதித்தாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

பாலம் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் ஒரு மேடு. அங்கேதான் கைப்பேசிக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் அடித்தது. வேன்காரர்.

"அக்கா, அறுபத்து மூணு எங்கே?"

"அங்கதான், வாத்தியார் பக்கத்துல."

"நான் அங்கேருந்துதான் பேசுறேன். இல்லையே."

பின்னால் வாத்தியாரின் குரல் கேட்டது. பிறகு அவரே வாங்கிப் பேசினார். "அந்தப் பொண்ணு நாலு பத்துக்கே கிளம்பிடுச்சும்மா. வேன் வேண்டாம்னு சொல்லிட்டுச் சைக்கிள் எடுத்துட்டுப் போயிடுச்சு. நான் சொல்லச் சொல்லக் கேக்கல. ஒரே ரோடுதானே, உங்களைப் பிடிச்சிடும்னு விட்டுட்டேன்."

மணி நாலு நாற்பத்தைந்து. மருந்துக்கடைக்காரிக்குக் கணக்கு வேகமாக வரும், அன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம். நாத்தனாரின் வேகத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் முக்கால் மணி நேரம். நாலு ஐம்பத்தைந்துக்கு இறக்கத்தின் அடிக்கு வந்துவிடுவாள். இன்னும் பத்து நிமிஷம்.

"வேனை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போங்க! ஹாரன் அடிச்சுக்கிட்டே போங்க! நாடா இல்ல, அட்டை இல்ல, எல்லாத்தையும் நான் எடுத்துட்டேன்!"

வேனின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சைக்கிளைத் திருப்பினாள். பெடலில் கால் இரண்டு தரம் வழுக்கியது. அப்புறம் மிதித்த மாதிரி அவள் வாழ்நாளில் மிதித்ததில்லை. நாத்தனாருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீரைக் கண்டால் நாலு அடி தள்ளி நிற்பவள். பிரேக்கைப் பாதி பிடித்து ஓட்டத் தெரியாது, பிடித்தால் முழுசாகப் பிடிப்பாள், இல்லாவிட்டால் விட்டுவிடுவாள். காலையிலிருந்து இதை நாலு தரம் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள் இவள்தான்.

மீன்காரர்கள் முன்னாலேயே வந்திருக்க மாட்டார்களா? வந்திருந்தால் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் என்றைக்கு நேரத்துக்கு வந்தார்கள்! நாத்தனார் வழியில் மூச்சு வாங்க நின்றிருக்க மாட்டாளா? நிற்கட்டும். வாய் ஓயாமல் புலம்பிக்கொண்டு ஒரு கல் மேல் உட்கார்ந்திருக்கட்டும். வீட்டுக்கு வந்து ஒரு மாசம் தங்கட்டும், சமையலில் நாள் முழுக்கக் குறை சொல்லட்டும். யாரிடம் வேண்டிக்கொள்கிறோம் என்றே தெரியாமல் இதையெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தாள்.

பாலத்துக்கு வந்தபோது எதிர்க்கரை தெரியவில்லை. பனி அடைத்துக்கொண்டிருந்தது. பிரிவுக்கு வந்து நின்றபோது ஐந்து அடிக்க மூன்று நிமிஷம். யாரும் இல்லை.

பெயர் சொல்லிக் கத்தினாள். ஏரி அதை எதிரொலியாகக்கூடத் திருப்பித் தரவில்லை. மேலே, வெகு தூரத்தில் ஹாரன் சத்தம். அப்படியானால் வேன் வரும் வழியில் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஹாரனை நிறுத்தியிருப்பார்.

சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் பழைய சாலையில் ஓடினாள். இருபது அடி போனதும் ஷூவுக்குள் குளிர்ந்தது. தண்ணீர் எப்போது தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியவே இல்லை. அங்கேயே நின்றாள். எட்டு அடி தள்ளி, தண்ணீருக்கு அடியில், ஒரு சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

சைக்கிளின் பின் விளக்கு. காலையில் அவள்தான் மாட்டிவிட்டாள்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் துழாவினாள். சக்கரம் தட்டுப்பட்டது. ஹேண்டில் தட்டுப்பட்டது. துணி மாதிரி ஏதோ வழுவழுவென்று சுற்றிக்கொண்டது, இழுத்தாள், பாசி. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் கால் எட்டாது. அவளுக்கும் ஒன்றும் பெரிய நீச்சல் தெரியாது. போனாள்.

"அண்ணி."

குரலா மூச்சா என்று தெரியாத அளவுக்குச் சின்னதாக, இடது பக்கமிருந்து. பழைய சாலையின் ஓரத்தில் வரிசையாக நட்டிருந்த தடுப்புக் கற்களில் ஒன்று தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில், பல் கிட்டித்துப் போய் நாத்தனார் இருந்தாள்.

எப்படி அவளைக் கரைக்கு இழுத்து வந்தாள் என்று பின்னால் கேட்டபோது மருந்துக்கடைக்காரிக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்லிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது மட்டும் ஞாபகம். தாரில் உட்கார வைத்து முதுகைத் தேய்த்தாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீரை இருமிக் கக்கிவிட்டு நாத்தனார் பேச முயன்றாள்.

"அம்பு இருந்திருக்கும் அண்ணி. நான்தான் பாக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தேன்."

மருந்துக்கடைக்காரி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குக் கண்ணும் இல்ல, அறிவும் இல்ல. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. கிண்டல் பண்ணியே கொன்னுடுவான். அவன் சைக்கிள் வேற..."

தலையை ஆட்டினால் போதும். ஒரே ஓர் அசைப்பு, விஷயம் முடிந்தது. வேன்காரருக்குத் தெரியும், ஆனால் அவர் நல்ல மனுஷன், கேட்டுக்கொண்டால் வாயைத் திறக்க மாட்டார். குழுவில் பெயர் போகாது. புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம். தண்ணீரில் கையை விட்டுத் துழாவியபோது வந்த பயத்தைவிட இப்போது வந்த பயம் பெரிதாக இருந்தது. இதைச் சொல்ல அவளுக்கே வெட்கம், ஆனால் அப்படித்தான் இருந்தது. நாத்தனாரோ அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்பு இல்ல" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"என்ன?"

"அம்பு இல்ல. நாடா இல்ல. நீ பாக்குறதுக்கு இங்க ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன். நீ வேன்ல ஏறின அப்புறம்தான் உன் எண்ணை அடிக்கணும். நான் முன்னாடியே அடிச்சிட்டேன். அதுதான் நடந்தது."

நாத்தனார் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அடிச்சது தெரியும்" என்றாள். "பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கோடு போட்டப்ப உங்க முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு. அதைப் பாத்த அப்புறம் என்னால அந்த நாற்காலில உட்கார முடியல. அதான் கிளம்பினேன்."

மேலே ஹாரன் சத்தம் நெருங்கி வந்தது. பனிக்குள் வேனின் விளக்குகள் இரண்டு மஞ்சள் புள்ளிகளாகத் தெரிந்தன. மருந்துக்கடைக்காரி எழுந்து, அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள். நாத்தனார் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. இடது கையைத் தரையில் ஊன்றித் தானே எழுந்து நின்றாள்.

"வா, நான் பின்னாடியே பிடிச்சுக்கிட்டு வரேன்."

"வேண்டாம் அண்ணி. நீங்க என் பின்னாடி வராதீங்க. முன்னாடி போங்க, நான் பாத்துக்கிட்டே வரேன்."

மருந்துக்கடைக்காரி முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. பின்னால் ஈர ஷூவின் சத்தம் ஒவ்வோர் அடியாக வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் அது நின்றது. அவளும் நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் அசையாமல் நின்றாள்.