அணி செய்த பனிமனிதன்

தென்கொரியாவின் தேஜான் நகரத்து மழலையர் பள்ளியில் ஆய்வு மாணவி சூரினுக்குப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கக் கிடைத்த அனுமதி அன்றோடு முடிகிறது. கையில் இருந்த விடைகளோ குப்பை.

அவளுடைய ஆய்வேடு முழுக்க ஒரே வாதம்தான். ‘அணி ஒரு பனிமனிதன் செய்தது’ என்றால், எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் செய்ததாகப் பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளோ ஆளுக்கு ஒன்று செய்ததாகப் பிரித்துப் புரிந்துகொள்வார்கள். அதனால் ஆளுக்கொரு பனிமனிதனோடு நிற்கும் அணியின் படத்தைக் காட்டி, வாக்கியத்தைச் சொல்லி, சரியா என்று கேட்டாள். “ஆமாங்க டீச்சர்” என்றார்கள் பிள்ளைகள். துள்ளிக் குதித்திருப்பாள். ஆனால் அதே படத்துக்கு ‘அணி ஒரு படகு செய்தது’ என்றபோதும் “ஆமாங்க டீச்சர்” என்றே தலையாட்டினார்கள். இல்லை என்றே சொல்லாத பிள்ளையின் ஆமாமை எந்தப் பேராசிரியர் நம்புவார்?

சிற்றுண்டி வேளையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே தாவுன் என்ற சிறுமி, சர்க்கரைவள்ளியை உருளைக்கிழங்கு என்று சொன்ன தோழியைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரிடம் தேனாகப் பேசிய அதே வாய்.

சூரினுக்குச் சுரீரென்றது. டீச்சர் சொன்னது தப்பு என்று சொல்ல இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? இதற்காகத்தான் குழந்தைமொழி ஆய்வில் வாக்கியத்தைப் பொம்மையின் வாயால் சொல்லவைப்பார்கள். முப்பது வயதில், ஆசிரியைகள் முன்னால் புலிக் குரலில் பேச வெட்கப்பட்டு, இவள் புலிக் கைப்பொம்மையைப் பையிலேயே போட்டுவைத்திருந்தாள். வெட்கம் பார்த்தால் பட்டம் போய்விடும்.

புலியைக் கையில் மாட்டிக்கொண்டு புதுப் படம் ஒன்றை எடுத்தாள். கடற்கரையில் ஓர் அணி, ஆளுக்கொரு மணல்கோட்டை. அணி ஒரு விமானம் செய்தது என்று கட்டைக்குரலில் உறுமினாள்.

“லூசுப் புலி, எங்கடா விமானம்? கண்ணு தெரியலையா?” என்றாள் தாவுன்.

ஆசிரியைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அடுத்து, அணி ஒரு மணல்கோட்டை கட்டியது என்றது புலி. தாவுன் படத்தில் விரலை வைத்தாள்.

“இவன் ஒண்ணு கட்டினான். இவ ஒண்ணு. இவனும் ஒண்ணு...” கடைசி ஆள்வரை விரல் போனது. “ஆமா. இப்பதான் உருப்படியாப் பேசற.”

பின்னால் வந்த பிள்ளைகளும் விமானத்துக்குப் புலியை வறுத்தெடுத்தார்கள், கோட்டைக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். அப்பாடா என்றிருந்தது சூரினுக்கு. கையிலிருந்த புலியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாவுன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

“டீச்சர், புலி மூஞ்சியெல்லாம் ஈரமா இருக்குங்க. நான் திட்டினதுக்கு அழுவுதுங்களா?”

“ஆமாண்டி தங்கம். இன்னும் ரெண்டு திட்டு.”