இடப்பக்க ஓரம்

தட்டிலிருந்து அடுத்த அட்டையை எடுத்து விளக்கின் கீழே பிடித்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

பழைய விளையாட்டு அட்டைகளுக்கு மதிப்பெண் போடும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. ஒரு காலத்தில் மிட்டாய்ப் பாக்கெட்டோடு இலவசமாக வந்து, பிள்ளைகள் கையில் கசங்கியது போக மிஞ்சிய அட்டைகள் அவை. சேகரிப்பவர்கள் அனுப்பிவைப்பார்கள். மூலை மழுங்கியிருக்கிறதா, கீறல் உண்டா, படம் சரியாக நடுவில் விழுந்திருக்கிறதா என்று மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று எண் போடுவார்கள். பிறகு அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போகும், இயந்திரம் அதை மூடி ஒட்டிவிடும். உடைக்காமல் திறக்க முடியாது. அனுப்பியவர் யாரென்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

ஆனால் இந்த அட்டையை அவளுக்குத் தெரியும். அந்தரத்தில் பாயும் கோல்கீப்பர். அவன் கையுறையில் அச்சகத்தில் தெறித்த ஒரு மைப்புள்ளி. சின்ன வயதில் அண்ணன் அதைக் கொசு என்று நினைத்து ஓங்கி அடிக்கப் போய் அப்பாவிடம் குட்டு வாங்கினான்.

அப்பா போன பிறகு அட்டை அண்ணனிடம்தான் இருந்தது. பளபளப்பு குறையாத அட்டை. ஒரே கோளாறு, படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. இடப்பக்க வெள்ளை ஓரம் பட்டையாகவும் வலப்பக்கம் ஒல்லியாகவும் இருக்கும். "மத்ததெல்லாம் எவ்வளவு நல்லா இருந்தாலும் இது அஞ்சுக்கு மேல தேறாதுண்ணா" என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள்.

இப்போது இரண்டு ஓரமும் ஒரே அகலத்தில் இருந்தன.

அட்டையைச் சாய்த்து, விளிம்பை வெளிச்சத்துக்குக் காட்டினாள். மூன்று விளிம்புகளில் காகித நார் பஞ்சாகப் பிரிந்து பழுப்பேறிக் கிடந்தது. இடது விளிம்பிலும் பழுப்பு இருந்தது. ஆனால் அது தேயிலைத் தண்ணீரைத் தொட்டு வைத்த பழுப்பு. அதற்குக் கீழே நார் எல்லாம் கத்தி இழுத்தது போல ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. அந்தக் காலத்தில் ஆலையிலேயே சில அட்டைகள் சற்று அகலமாக வெட்டுப்பட்டு வந்தன. இதுவும் அந்த ரகம். அதனால் சீவிய பிறகும் உரிய அளவுக்குக் குறையாமல் நின்றது.

அண்ணன் படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவன். இந்த வெட்டு யாருடையது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உறவினர் அட்டை வந்தால் கை வைக்கக் கூடாது என்பது விதி. எழுந்து போய்த் தலைமை மதிப்பீட்டாளரின் மேசையில் வைத்தாள்.

"சார், இது எங்க வீட்டு அட்டை. நான் பாக்கக் கூடாது."

"நல்லவேளை சொன்னீங்க" என்று அவர் அதைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினார்.

அவ்வளவுதான். மீதியை அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினாள். அடுத்த அட்டையை எடுத்தாள். அதில் என்ன படம் என்றே மனதில் ஏறவில்லை.

பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். அரை எண்ணுக்கு அரை மணி நேரம் யோசிக்கிற மனிதர். அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று அவள் பயந்தாள். கண்டுபிடித்துவிட மாட்டாரா என்றும் இருந்தது.

"யப்பா! என்னங்க இப்படி வச்சிருக்காங்க உங்க வீட்டுல? நேத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு!" என்றார் தராசு.

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

தராசோடு மற்ற இருவரும் பார்த்து முடித்தார்கள். எட்டு. அட்டை உறை போடும் அறைக்குப் போயிற்று. ஒட்டிவிட்டால் அதோடு முடிந்தது. அண்ணனுக்கு நல்ல விலை கிடைக்கும். யாரோ ஒருவர் அந்த எட்டை நம்பி, ஆசையாக வாங்கிப்போய் வீட்டில் வைத்துக்கொள்வார். எண்ணுக்குக் கீழே இந்த நிறுவனத்தின் முத்திரை இருக்கும்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். இயந்திரத்தை இயக்கும் அக்காவின் கை பிடியை இறக்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கக்கா!"

அக்கா வெடுக்கென்று கையை எடுத்தாள். "ஏம்மா, ஷாக் அடிச்ச மாதிரி கத்துற? என் உசுரே போயிடுச்சு."

அட்டையோடு திரும்பித் தலைமை மதிப்பீட்டாளர் முன்னால் நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இடப்பக்கத்தப் பாருங்க சார். வெட்டியிருக்கு."

அவர் பார்த்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். தராசும் வந்து குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"முதல்லயே தெரியுமா உங்களுக்கு?" என்றார் தலைமை மதிப்பீட்டாளர்.

"தெரியும் சார்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் எட்டை அடித்துவிட்டு, எண் இல்லாமல் 'வெட்டப்பட்டது' என்று மட்டும் எழுதினார். "நாளைக்கு வந்து என்னைப் பாருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வேலை முடிந்ததும் நேராக அண்ணன் கடைக்குப் போனாள். அவன் ஒரு குடும்பப் படத்தைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தான். அண்ணி உள்ளே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை வேலை செய்யும் இடம் என்பதால் அண்ணன் அட்டையை நண்பன் பெயரில் அனுப்பியிருந்தான் போல. வெட்டு பிடிபட்ட சேதி அந்த நண்பன் வழியாக அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

"வா. கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சிட்டு, எப்படி இருக்கான்னு பாக்க வந்தியா?"

"நான் எண்ணே போடலண்ணா."

"வாய மூடிட்டு இருந்திருந்தா போதும். அதுகூட உன்னால முடியல."

"அப்பாவோட அட்டை. அத வெட்ட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"கோணலா இருந்தத நேராக்கினேன். நடுவுல இல்லன்னு சொன்னது யாரு? நீதானே?"

சுருக்கென்று தைத்தது. அவள் மேசை மேல் கிடந்த கத்தியைப் பார்த்தாள். பிறகு அண்ணன் கைகளை.

"அந்த வெட்டு ஒரே இழுப்பு. எங்கயும் தயங்கல, பிசிறு இல்ல. முதல் தடவை வெட்டினவன் கை இல்ல அது." குரலைத் தாழ்த்தினாள். "இதுக்கு முன்னாடி எத்தனை?"

அண்ணன் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே துடைக்கும் சத்தம் நின்றது.

"கேக்குறால்ல, சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"ஒண்ணுதான். சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான். ஒரு ஓட்டக்காரன் அட்டை. ரிட்டயர்டு ரயில் டிரைவர் ஒருத்தர் வாங்கினாரு. உறையில்லாம, நல்லா இருக்குன்னு என் வார்த்தைய நம்பி."

"கிளம்பு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

ரயில் டிரைவர் கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "அட, வாங்க தம்பி! தங்கச்சியா? வாம்மா, வந்து பாரு!" என்று கூடத்துச் சுவருக்கு அழைத்துப் போய், அதற்கென்றே போட்டிருந்த சின்ன விளக்கைத் தட்டினார். அண்ணன் செய்து கொடுத்த சட்டத்துக்குள், நான்கு ஓரமும் பிசகாமல், ஓட்டக்காரன் ஓடிக்கொண்டிருந்தான்.

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் அவனுக்காக இதையும் தானே சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா... இந்த அட்டைய நான் வெட்டியிருக்கேன்" என்றான் கடைசியில்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"எந்தப் பக்கம்?"

"மேல் பக்கம்."

அவர் சுவருக்கு அருகில் போய் மேல் ஓரத்தையே நெடுநேரம் பார்த்தார். "தினமும் பாக்குறேன். எனக்குத் தெரியலையேப்பா" என்றார். அடுத்த நொடி திரும்பினார். "பணத்த எடுத்துட்டு வா. அதுக்கு மேல இந்த வாசப்படி மிதிக்காத." விளக்கை அணைத்தார்.

தெருவில் இறங்கி வண்டியருகே வந்த பிறகும் அண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"உனக்கு வேலை போயிடுமா?"

"தெரியல."

"போனா கடைக்கு வா. கண்ணாடி துடைக்க ஆள் வேணும்னு உங்க அண்ணி புலம்பிட்டே இருக்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸுக்குத்தான் போவதாக இருந்தாள். ஆனாலும் அவன் வண்டியிலேயே ஏறிக்கொண்டாள்.

வேலை போகவில்லை. ஆனால் மதிப்பெண் மேசையிலிருந்து எடுத்துப் பார்சல் பிரிக்கும் இடத்தில் போட்டுவிட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. தராசு இப்போதெல்லாம் விளிம்பைப் பார்க்காமல் எண்ணை யோசிக்கக்கூட மாட்டேனென்கிறார்.

கோல்கீப்பர் அட்டையை வாங்குவதாக இருந்தவர் விலகிக்கொண்டார். அண்ணன் தன் கடையின் பெரிய வெட்டும் இயந்திரத்தை விற்றுப் பணத்தோடு ரயில் டிரைவர் வீட்டுக்குப் போனான். அவர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, அட்டையைச் சட்டத்தோடு கையில் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டாராம். அதைச் சொல்லத்தான் அவளுக்குப் போன் செய்தான். சொல்லி முடித்த பிறகும் இரண்டு பேரும் வைக்காமல், போனைப் பிடித்தபடி இருந்தார்கள்.